கிறைஸ்லர் 440 எஞ்சினைப் பிரித்துக் கோர்ப்பது: தெருவுக்கும் கால் மைல் பந்தயத்துக்கும்

1968இல் டாட்ஜ் சார்ஜர் ஆர்/டி வாங்கியவருக்கு, தனியாகக் கேட்காமலேயே 440 மேக்னம் எஞ்சின் (440 என்பது கன அங்குலத்தில் அதன் கொள்ளளவு) கிடைத்தது. 375 குதிரைத்திறன், 4.32 அங்குல சிலிண்டர் விட்டம், 3.75 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்). 1966 முதல் 1978 வரை தயாரான இந்த 440, இம்பீரியல், நியூ யார்க்கர் போன்ற பெருங்கார்களிலும் மோட்டார் ஹோம்களிலும்கூட ஓடியது. அமெரிக்காவில் இன்றும் பழைய 440 தேடினால் கிடைப்பதற்கு அதுதான் காரணம். வார நாட்களில் தெருவில் ஓட்டி, வார இறுதியில் கால் மைல் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோக இதைவிட உகந்த பிக் பிளாக் (பெரிய வகை V8 எஞ்சின்) எனக்குத் தெரியாது.

எஞ்சினைக் காரிலிருந்து இறக்குவது, பாகங்களுக்கு அடையாளச் சீட்டு கட்டுவது போன்றவற்றை நான் விளக்கப்போவதில்லை. எஞ்சின் ஸ்டாண்டில் நிற்கிறது, பிரித்தாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் கையில் இருப்பது எது என்று பாருங்கள்

பிளாக்கின் பக்கவாட்டில் வார்ப்பு எண் இருக்கும். 2536430 என்றிருந்தால் அது 440 பிளாக். அடுத்து கிராங்க், அதாவது பிஸ்டன்களின் மேல்-கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு. தொடக்க கால 440களில் ஃபோர்ஜ் செய்த எஃகு கிராங்க். 1970களின் நடுவில் வார்ப்பிரும்பு கிராங்குக்கு மாறினார்கள். வார்ப்புக் கிராங்குக்கு வெளிச் சமநிலை தேவை. அதாவது முன்னால் அதிர்வைத் தணிக்கும் டேம்பரும், பின்னால் தானியங்கி கியர்பெட்டிக்கு ஆற்றலைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரும் அதற்கென்றே செய்தவையாக இருக்க வேண்டும். ஒன்றின் டேம்பரை இன்னொன்றில் மாட்டினால் அதிர்வே பேரிங்குகளைத் தின்றுவிடும். பிஸ்டனையோ கனெக்டிங் ராடையோ மாற்றுகிறீர்கள் என்றால், எந்தக் கிராங்காக இருந்தாலும் புதிதாக பேலன்ஸ் செய்யுங்கள். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பட்டறைக்குக் கொடுக்கும்போது

விரிசல் சோதனை, போரிங் (சிலிண்டரைக் குடைந்து அகலப்படுத்துவது), ஹோனிங் (அதன் சுவரைத் தேய்த்துச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது) மூன்றும் வெளிப் பட்டறை வேலை. இரண்டு விஷயங்களை வற்புறுத்திக் கேளுங்கள். பிஸ்டன்களை முன்கூட்டியே வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு சிலிண்டரையும் அதற்குரிய பிஸ்டனை அளந்து முடிக்கச் சொல்லுங்கள். ஹோனிங் செய்யும்போது டார்க் பிளேட் (சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்குப் பதிலாக முடுக்கும் தடித்த தகடு) மாட்டச் சொல்லுங்கள். ஹெட் போல்ட்டுகளை 70 அடி-பவுண்டுக்கு முடுக்கும்போது சிலிண்டர் சுவர் சற்றே வளைகிறது. பிளேட் மாட்டி ஹோன் செய்தால், எஞ்சின் ஓடும்போது இருக்கப்போகும் வடிவத்திலேயே சிலிண்டர் வட்டமாக அமையும். பிளேட் இல்லை என்று சொல்லும் பட்டறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேறிடம் தேடுங்கள்.

பிஸ்டன் வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

கேமுக்கும் (வால்வுகளைத் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டு) கார்பரேட்டருக்கும் பணத்தைக் கொட்டிய பிறகும் 440 சோம்பலாக ஓடுகிறதென்றால், காரணம் பெரும்பாலும் குறைந்த அழுத்த விகிதம்தான் (பிஸ்டன் கீழே இருக்கும்போதுள்ள மொத்த இடத்தை, அது உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவது). சில மலிவான மாற்று பிஸ்டன்கள், உச்சிப் புள்ளியில்கூட பிளாக்கின் மேல்தளத்துக்கு 0.100 அங்குலம் கீழேயே நின்றுவிடும். அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் விகிதத்தை நம்பாமல் நீங்களே கணக்கிடுங்கள்.

0.030 அங்குலம் கூடுதலாக போர் செய்தால் விட்டம் 4.350 அங்குலம், ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 913 சிசி. ஹெட்டின் எரியறை 88 சிசி என்றும், வால்வுக்காக பிஸ்டனில் வெட்டிய பள்ளம் 6 சிசி என்றும், 0.039 அங்குல கேஸ்கெட்டின் இடம் 10 சிசி என்றும் கொள்வோம். பிஸ்டன் 0.100 அங்குலம் கீழே நின்றால் அங்கே இன்னொரு 24 சிசி. மொத்தம் 128. விகிதம் 8.1 மட்டுமே. அதே பிஸ்டன் மேல்தளத்துக்கு 0.010 அங்குலம் கீழே நின்றால் அந்த 24 சிசி வெறும் 2.4 ஆகச் சுருங்கி, விகிதம் 9.6க்கு ஏறுகிறது. இரும்பு ஹெட்டோடு, பங்க் பெட்ரோலில் தட்டாமல் ஓட அது நல்ல இலக்கு. எரியறையை ஊகிக்காதீர்கள், ஒரு கண்ணாடித் தகடும் பியூரெட்டும் வைத்துத் திரவம் நிரப்பி அளந்துவிடுங்கள்.

இடைவெளிகள்

டயல் போர் கேஜும் வெளி மைக்ரோமீட்டரும் வாங்குங்கள். பிளாஸ்டிக் கீற்றை நசுக்கி அளப்பது சரிபார்க்க உதவும். முடிவெடுக்க அதை நம்ப மாட்டேன். ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் பகுதி) விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 0.001 அங்குல இடைவெளி என்ற பழைய விதி இன்றும் நன்றாக உதவுகிறது. 440இன் மெயின் ஜர்னல் 2.750, ராடு ஜர்னல் 2.375. ஆகவே மெயினுக்கு 0.0027, ராடுக்கு 0.0024 அங்குலத்தை ஒட்டி வைக்கலாம். மெயின் கேப் 85 அடி-பவுண்டு, ராடு போல்ட் 45, இரண்டும் எண்ணெய் தடவிய மரையோடு. சிறப்பு போல்ட்டுகள் வாங்கியிருந்தால் அவற்றின் தாளில் உள்ள அளவே சரி.

பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்கு, மேல் ரிங்கில் விட்டத்தை 0.0045ஆல் பெருக்கினால் 0.020 அங்குலம் வரும். இரண்டாவது ரிங்குக்கு 0.022 வைப்பேன். எட்டு சிலிண்டருக்கும் தனித்தனியாக அராவிப் பொருத்துங்கள்.

ஆயில் பேனை மூடும் முன் எண்ணெய் உறிஞ்சும் குழாயையும் பாருங்கள். தொழிற்சாலைக் குழாய் 3/8 அங்குலம். பந்தயத் தடத்தில் அது போதாது. பிளாக்கில் அந்த வழியை அகலப்படுத்தி 1/2 அங்குலக் குழாய் போடுங்கள்.

கேமும் லிஃப்டரும்

லிஃப்டர் என்பது கேமின் மேடு தூக்கும் சிறு உருளை. இந்த எஞ்சினின் லிஃப்டர் விட்டம் 0.904 அங்குலம். ஷெவர்லேயில் அது 0.842 தான். முகம் அகலமாக இருப்பதால், வால்வை விரைவாகத் தூக்கும் கேமை 440 தாங்கும். ஆகவே கிறைஸ்லருக்கென்றே செதுக்கிய கேமை வாங்குங்கள். தெருவிலும் ஓட வேண்டிய வண்டிக்கு, கேம் லிஃப்டரைத் தூக்கி வைத்திருக்கும் கால அளவு, 0.050 அங்குலத் தூக்கத்தில் 224 முதல் 236 டிகிரி வரை போதும். அதற்கு மேல் போனால் தடத்தில் இனிக்கும், சிக்னலில் கசக்கும். பல்சக்கரத்தின் புள்ளிகள் நேராக நின்றால் போதும் என்று விட்டுவிடாமல், டிகிரி வட்டும் டயல் கேஜும் வைத்து கேமின் நிலையைச் சரிபாருங்கள்.

ஹைட்ராலிக் (எண்ணெயால் இடைவெளியைத் தானே நிரப்பும்) லிஃப்டரோடு வரும் தொழிற்சாலை ராக்கர்களில், அதாவது புஷ்ராடு தள்ளும்போது வால்வைத் திறக்கும் நெம்புகளில், சரிசெய்யும் திருகு கிடையாது. பிளாக்கையோ ஹெட்டையோ சீவியிருந்தால் தேவையான புஷ்ராடின் நீளம் மாறிவிடும். லிஃப்டரின் முன்னழுத்தம் (புஷ்ராடு அதன் உட்பகுதியை அழுத்தும் ஆழம்) 0.020 முதல் 0.060 அங்குலத்துக்குள் வருகிறதா என்று பார்த்த பிறகே புஷ்ராடு வாங்குங்கள்.

ராக்கருக்கு எண்ணெய்: இங்கே நிதானம் வேண்டும்

வேறு எஞ்சின்களில் பழகியவர்கள் திகைத்துப்போகும் இடம் இது. ஸ்டார்ட் செய்யும் முன் எண்ணெயைக் கையால் ஏற்ற வேண்டும். கேமின் பல்லோடு இணைந்து பம்பையும் டிஸ்ட்ரிப்யூட்டரையும் (தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பகிர்வது) சுழற்றும் இடைத்தண்டை டிஸ்ட்ரிப்யூட்டர் துளை வழியாக வெளியே எடுத்துவிட்டு, 5/16 அங்குல அறுகோணக் கம்பியைப் பம்புக்குள் இறக்கி, டிரில்லை இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். சற்று நேரத்தில் டிரில் திணறும், அழுத்தமானியின் முள் ஏறும். ஆனால் ராக்கர்கள் உலர்ந்தே கிடக்கும்! பம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் பிரிக்கத் தொடங்கிவிடாதீர்கள்.

ராக்கர்களுக்கான எண்ணெய் நான்காவது கேம் பேரிங் வழியாகத்தான் மேலேறுகிறது. கேமின் அந்த ஜர்னலில் உள்ள துளை, ஹெட்டுக்குப் போகும் வழியோடு நேர்படும் கணத்தில் மட்டுமே எண்ணெய் பாயும். கேம் அசையாமல் நின்றால் வழி அடைபட்டே இருக்கும். இடது, வலது ஹெட்டுகளுக்கு அந்தக் கணம் வெவ்வேறு. ஆகவே இருவர் வேண்டும். ஒருவர் டிரில்லைப் பிடிக்க, மற்றவர் கிராங்கை நீளக் கைப்பிடியால் மெதுவாகத் திருப்பி, சற்றுக்கொருமுறை நிறுத்த வேண்டும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று முடிக்கும். அதற்குள் இரண்டு பக்கமும் எண்ணெய் கசிந்தாக வேண்டும். பத்துப் பதினைந்து சுற்று சுற்றாதீர்கள். கேமில் தடவிய பசை துடைபட்டுப் போகும்.

இரண்டு சுற்றிலும் வரவில்லை என்றால், நான்காவது கேம் பேரிங்கின் துளை பிளாக்கின் துளையோடு பொருந்தாமல் அடிக்கப்பட்டிருக்கலாம். பட்டறையிலிருந்து பிளாக் வந்த அன்றே மெல்லிய கம்பி விட்டுப் பார்த்துவிட்டால், கோர்த்த எஞ்சினைப் பிரிக்கும் வேதனை இருக்காது.

முதல் ஸ்டார்ட்

முதல் சிலிண்டர் உச்சியில் நிற்கும்போது, இடைத்தண்டின் பிளவு கிராங்குக்கு இணையாக இருக்க வேண்டும். தீப்பொறி வரிசை 1-8-4-3-6-5-7-2. டிஸ்ட்ரிப்யூட்டர் சுற்றுவது இடஞ்சுழி. கார்பரேட்டரில் பெட்ரோலை முன்பே நிரப்பிவிடுங்கள், எஞ்சின் முதல் முறுக்கிலேயே பற்ற வேண்டும்.

பற்றியதும் ஐடிலில் விடாதீர்கள். தட்டை லிஃப்டரின் அடிமுகம் லேசாகக் குவிந்தது, கேமின் மேடு லேசாகச் சாய்ந்தது. அந்தச் சாய்வுதான் லிஃப்டரைச் சுழல வைக்கிறது. சுழலாத லிஃப்டர் கேமை அரைத்துவிடும். 2000 முதல் 2500 சுற்று வேகத்தில், கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் 20 முதல் 30 நிமிடம் ஓட்டுங்கள். துத்தநாகம் மிகுந்த பிரேக்-இன் எண்ணெய் கட்டாயம்; இன்றைய கார்களுக்கான எண்ணெயில் அது குறைவு. வால்வுகளில் இரட்டை ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்து இந்த வேலையை முடியுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு பெரிய மின்விசிறி வையுங்கள். முடிந்ததும் எண்ணெயை மாற்றி, ஃபில்டரை வெட்டிப் பிரித்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை

எண்ணெய் ஏற்றியபோது இரண்டு பக்கமும் வந்தது, ஓட்டியபின் ஒரு பக்க ராக்கர்கள் மட்டும் கிறீச்சிடுகின்றன என்று ஒரு வாசகர் எழுதினார். அவரிடம் ராக்கர் தண்டைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன்; தலைகீழாக மாட்டியிருந்தது. தண்டின் சிறு துளைகள் கீழ்நோக்கியும், சாய்வில் வால்வுப் பக்கம் பார்த்தும் இருக்க வேண்டும். தண்டின் போல்ட்டுகளுக்கு 25 அடி-பவுண்டு போதும். ஸ்பிரிங்குகளுக்கு எதிராக இழுத்து அமர்த்துவதால், எல்லாவற்றையும் சிறிது சிறிதாக, மாற்றி மாற்றி முடுக்குங்கள்.

ரோலர் லிஃப்டர் (அடியில் உருளும் சக்கரம் கொண்டது) போட்டால் இந்தப் பிரேக்-இன் தொல்லை இல்லையே என்றும் சிலர் கேட்கிறார்கள். உண்மைதான், கையில் பணம் இருந்தால் போடுங்கள். ஆனால் ரோலருக்கு உரிய ஸ்பிரிங்கும் புஷ்ராடும் தனியாக வாங்க வேண்டியிருக்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நான்காவது கேம் பேரிங் சோதனை அதற்கும் உண்டு.