ரெய்டில் நம்மோடு ஆடுபவரிடம் குறை சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் எங்கள் ஆன்லைன் கேம் குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி, மூன்றாவது நாளே ஹீலரை (அணியினரைக் குணப்படுத்துபவரை) பார்த்து "உங்க டேமேஜ் கிரே, தெரியுமா?" என்று அணி முழுவதும் பார்க்கும் பார்ட்டி சாட்டில் தட்டினான். நீங்கள் எதிரியை அடிப்பது படுமோசம் என்று அர்த்தம். 2022-இல் நான் செய்த அதே தவறு. சொற்கள்கூட ஏறக்குறைய அதேதான். அன்று ராத்திரி தூக்கம் வராமல் எழுத ஆரம்பித்ததுதான் இது.

கெட்ட வார்த்தை பேசாதே, ஊரையும் இனத்தையும் சொல்லித் திட்டாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. நல்ல எண்ணத்தோடு, அணி ஜெயிக்க வேண்டும் என்று வாயைத் திறந்து மாட்டிக்கொள்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் ஆடுவது ஃபைனல் ஃபேன்டஸி 14. ரெய்டு என்பது பலர் சேர்ந்து ஒரு பெரிய எதிரியை, அதாவது 'பாஸை', வீழ்த்தும் ஆட்டம். நாங்கள் ஆடும் ரெய்டில் எட்டுப் பேர்: அடி வாங்கித் தாங்கும் இரண்டு டேங்க், இரண்டு ஹீலர், அடிப்பதே வேலையான நான்கு டிபிஎஸ். ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் பாஸை வீழ்த்தாவிட்டால் 'என்ரேஜ்' வந்து எட்டுப் பேரும் செத்துவிடுவோம். ஒருவர் தவறினால் எல்லோருடைய நேரமும் போகும். அதனால் குறை சொல்லாமல் ரெய்டு நடத்தவே முடியாது. அதே சமயம், கூட ஆடுபவரிடம் எப்படிப் பேசலாம் என்பதில் இந்த கேமின் விதிகள் மற்ற பல கேம்களைவிடக் கறாரானவை. வசவு மட்டுமல்ல, 'நான் சொல்வது போலத்தான் நீ ஆட வேண்டும்' என்று ஒருவரை வற்புறுத்துவதும் தடைசெய்யப்பட்ட செயல்களின் பட்டியலில் இருக்கிறது. வெளியார் செய்த துணை மென்பொருள் எதுவுமே கூடாது என்பது இன்னொரு விதி. நான் சொல்ல வந்த பெரிய தவறு இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் நடக்கிறது.

எதுவுமே சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொள்வது

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விதிகளைப் படித்துப் பயந்தவர்கள் எல்லோரும் இங்கேதான் போய் நிற்கிறார்கள். ரிப்போர்ட் ஆகிவிடுமோ என்று நான்கு வைப் (எல்லோரும் செத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது) வரை வாயே திறக்காமல் இருப்பார்கள், ஐந்தாவதில் 'நேரமாச்சு' என்று கிளம்பிவிடுவார்கள். தவறு செய்தவருக்குத் தான் செய்தது தவறு என்றே தெரியாது. அடுத்த பார்ட்டியிலும் அதே இடத்தில் அதே மாதிரி நின்று இன்னொரு ஏழு பேரைக் கொல்வார், அங்கேயும் யாரும் சொல்ல மாட்டார்கள். விதி தடுப்பது அவமதிப்பையும் வற்புறுத்தலையும்தான். "அந்த டவருக்கு வடக்கே நிக்கணும், நீங்க தெற்கே இருந்தீங்க" என்று சொன்னதற்காக யார் மேலும் நடவடிக்கை வந்து நான் பார்த்ததில்லை.

மீட்டர் நம்பரை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டுவது

இதுதான். இன்றைக்கும் யாராவது இதைச் செய்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காக: ஒவ்வொருவரும் வினாடிக்கு எவ்வளவு டேமேஜ் அடிக்கிறார்கள் என்பதை இந்த கேம் தானாகக் காட்டாது. அதைக் கணக்கிட 'பார்சர்' (மீட்டர் என்றும் சொல்வோம்) என்று வெளியார் செய்த ஒரு மென்பொருளைத் தனியாக ஓடவிடுவார்கள். அதில் பதிவானதை இணையத்தில் ஏற்றினால், உலகத்தில் அதே ஜாப் (ஒருவர் தேர்ந்தெடுத்து ஆடும் பாத்திர வகை) ஆடும் மற்றவர்களோடு ஒப்பிட்டு ஒரு நிறம் கொடுக்கும். அடிமட்டம் கிரே, மேலே போகப் போக பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு. ஒருவரைப் பார்த்து 'நீ கிரே' என்பது வகுப்பில் எல்லோர் முன்னாலும் மார்க் சீட்டைப் படிப்பது மாதிரி. அதுவும் அவருக்குத் தெரியாமல் நாமே திருத்திப் போட்ட மார்க்.

2022 ஆகஸ்ட் கடைசியில் அபைசாஸ் ரெய்டின் சாவேஜ் பிரிவு, அதாவது கடினமான வடிவம், வந்தது. எங்கள் குழு அப்போது நன்றாக இருந்தது. சென்னையிலிருந்து நான், சிங்கப்பூரிலிருந்து இரண்டு பேர், மற்றவர்கள் வேறு வேறு நாடுகள். எனக்கு ராத்திரி ஒன்பதரை என்றால் சிங்கப்பூரில் பன்னிரண்டு மணி, தூக்கத்தை விட்டுவிட்டு வந்து ஆடினார்கள். இரண்டாவது வாரத்திலேயே கடைசி பாஸ் வரை போய்விட்டோம். அங்கே என்ரேஜில் தொடர்ந்து தோற்றோம். பாஸிடம் ஒரு சதவீதம் மிச்சம், அடுத்த முறையும் ஒரு சதவீதம், மறுநாளும் அதே ஒரு சதவீதம். இப்படித் தோற்கும்போது மனதுக்கு யாரையாவது கை காட்ட வேண்டியிருக்கிறது.

என் மீட்டரில் நான்கு டிபிஎஸ்ஸில் கடைசியாக இருந்தது டான்ஸர் ஜாப் ஆடியவர். சிங்கப்பூர்க்காரர், என்னைவிட வயதில் சின்னவர், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். நான் பார்ட்டி சாட்டில், எட்டுப் பேரும் பார்க்க, நான்கு பேருடைய நம்பரையும் வரிசையாகப் போட்டு, கீழே "இதுதான் பிரச்சினை, இந்தக் கடைசி நம்பர் ஏறினா முடிஞ்சிடும்" என்று எழுதினேன். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அவர் "சரிண்ணா" என்றார். இன்னும் மூன்று முறை ஆடினோம். மறுநாள் அவர் வரவில்லை. டிஸ்கார்ட் குழுவிலிருந்தும் போய்விட்டிருந்தார்.

நான் செய்தது எத்தனை வகையில் தப்பு என்று சொல்கிறேன்.

அந்த நம்பரே தப்பு. டான்ஸர் என்பது மற்றவர்களை அடிக்கவைக்கும் ஜாப். தனக்கு ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்து அவருக்குச் சக்தி கொடுக்கும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பார்ட்டி முழுவதற்கும் கொடுக்கும். அப்படி ஏறும் டேமேஜ் எல்லாம் மற்றவர்களின் கணக்கில்தான் விழும். நேரலையில் என் திரையில் ஓடிய மீட்டர் அதைப் பிரித்துக் காட்டவில்லை. முதலிடத்தில் இருந்த சாமுராய் ஜாப்காரருக்கு நான் கைதட்டினேனே, அந்த நம்பரில் ஒரு பங்கு டான்ஸருடையது.

காரணமும் தப்பு. அன்றைக்கு ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் செத்து எழுந்தோம். எழுப்பப்பட்டவருக்கு 'வீக்னஸ்' வரும், 100 வினாடிக்கு அவருடைய பலம் 25 சதவீதம் குறையும். அது தீருமுன் இன்னொரு முறை செத்து எழுந்தால் 50 சதவீதம். இது பார்ட்டி லிஸ்டில் பெயருக்குப் பக்கத்திலேயே ஐகானாகத் தெரிகிறது, எந்த மென்பொருளும் வேண்டாம். சாவைக் குறைத்திருந்தால் அந்த ஒரு சதவீதம் கிடைத்திருக்கும். நான் ஐகானைப் பார்க்காமல் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. செப்டம்பர் நடுவில் ஒரு அறிவிப்பு வந்தது: அந்த பாஸின் ஹெச்பி (உயிர் அளவு) சுமார் ஒரு சதவீதம் குறைக்கப்படுகிறது. நினைத்ததைவிடக் கடினமாக அமைந்துவிட்டது என்று தயாரிப்பாளர் நவோகி யோஷிதாவே விளக்கி மன்னிப்பும் கேட்டிருந்தார். ஒரு சதவீதம். நாங்கள் தோற்றுக்கொண்டிருந்த அதே அளவு. அதற்காகத்தான் நான் ஒரு ஆளை எட்டுப் பேர் முன்னால் நிறுத்தியிருந்தேன்.

அந்த டான்ஸர் என்னை ரிப்போர்ட் செய்தாரா என்று தெரியாது, எனக்கு எச்சரிக்கை எதுவும் வரவில்லை. வந்திருந்தால் அது நியாயம்தான். மீட்டர் வைத்திருந்தது ஒரு விதிமீறல், அதை வைத்து ஒருவரை மடக்கியது அடுத்தது. பார்சர் ஓடவிடுவதைச் சத்தமில்லாமல் நிறைய பேர் செய்கிறார்கள், ஆனால் அதில் பார்த்ததைச் சாட்டில் எழுதிய கணத்தில் நாமே கையெழுத்துப் போட்டு ஆதாரம் கொடுத்த மாதிரி. சாட்டில் அது அப்படியே பதிவாகியிருக்கும். 'நான் உதவி பண்ணத்தான் சொன்னேன்' என்ற விளக்கம் அங்கே நிற்காது. அவரிடமும் நிற்கவில்லை. மாற்று டான்ஸர் தேட இரண்டு வாரம் ஆனது, அதற்குள் இன்னும் இருவர் கழன்றார்கள், அக்டோபரில் குழுவே கலைந்தது.

இப்போது நான் செய்வது இதுதான். எட்டுப் பேர் கண்ணுக்கும் தெரிகிறதை மட்டும் சொல்வேன். "என்ரேஜ்ல ரெண்டு சதவீதம் மிச்சம். மூணு சாவு. ரெண்டு பேருக்கு டேமேஜ் டவுன் வந்துச்சு, அந்தக் கூம்பு தாக்குதல்ல." அவ்வளவுதான். டேமேஜ் டவுன் என்பது தவறியவரின் அடி குறைவது; அதுவும் வீக்னஸ் மாதிரி ஐகானாகத் தெரிவதுதான், யாருக்கு வந்தது என்று அவரவருக்கே தெரியும். உண்மையிலேயே ஒருவர் அடிப்பது குறைவு என்று தோன்றினால், 'ஸ்டோன், ஸ்கை, சீ' என்று கேமுக்குள்ளேயே ஒரு பயிற்சி இருக்கிறது. அதிலுள்ள பொம்மையை நேரத்துக்குள் உடைத்தால் உங்கள் டேமேஜ் அந்த பாஸுக்குப் போதும் என்று அர்த்தம். 'எல்லாரும் ஒருதடவை அதைப் பண்ணிட்டு வருவோமா' என்று கேட்டு நானும் போவேன். தப்பு இருந்தால் அவருக்கு அங்கே தனியாகத் தெரிந்துவிடும்.

வேறு கேமின் பழக்கத்தைத் தூக்கிக்கொண்டு வருவது

எங்கள் புதுத் தம்பி வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டிலிருந்து வந்தவன். அங்கே மீட்டர் வைத்திருப்பது சாதாரணம், ஒவ்வொரு பாஸுக்குப் பிறகும் பட்டியலைச் சாட்டில் ஒட்டுவார்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவன் கெட்ட பையன் இல்லை, வேறு வீட்டு வழக்கம். டோட்டா 2-வில் பேசும் விதத்துக்கென்றே 12,000 வரை போகும் ஒரு ஸ்கோர் இருக்கிறது, அது மிகவும் இறங்கினால் பேசும் வசதியே போய்விடும். லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் 2021 அக்டோபரில் எதிரணியோடு பேசும் சாட்டை மூடினார்கள், சொந்த அணி சாட் இருந்தது, ஏனென்றால் அது இல்லாமல் ஆட முடியாது. ஒரே வாக்கியம் ஒரு கேமில் யோசனை, இன்னொன்றில் குற்றம். புது கேமுக்குப் போனால் ஸ்கில் பட்டனைப் படிப்பதற்கு முன் அந்த நடத்தை விதிப் பக்கத்தைப் படியுங்கள், பத்து நிமிடம்தான் ஆகும்.

வைப் ஆன அந்த நொடியிலேயே பேசுவது

கீபோர்டிலிருந்து கையை எடுங்கள்.

தமிழில் சொன்னால் யாருக்கும் புரியாது என்று நம்புவது

நண்பர்களுக்குள் "ஏன்டா தூங்குறியா" என்பது கிண்டல். அதையே தங்கிலீஷில் பார்ட்டி சாட்டில் அடித்தால், அங்கே இருக்கும் ஐந்து பேருக்குத் தெரிவது ஒருவன் இன்னொருவனை ஏதோ சொல்கிறான் என்பதுதான். அந்தக் குழுவில் தமிழ் தெரிந்த இன்னொருவர் மௌனமாக இருக்கலாம் என்பது அப்புறம். கிண்டலுக்கு உங்கள் வாய்ஸ் சானல் இருக்கிறது, அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் பண்ணிடுவேன் என்று மிரட்டுவது

பண்ணுவதென்றால் பண்ணுங்கள். சொல்லிக் காட்டாதீர்கள்.

முன்பே எழுதாமல் பின்பு எதிர்பார்ப்பது

பார்ட்டி ஃபைண்டரில் ஆள் தேடும்போது வெறுமனே கேட்டைத் திறந்துவிட்டு, யார் வந்தாலும் எடுத்துக்கொண்டு, இரண்டாவது வைப்பில் 'இவருக்கு எதுவும் தெரியலையே' என்று கொதிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். அந்த இடத்தில் பயிற்சியா, முடிப்பதற்கா என்று குறிக்க வசதி இருக்கிறது, குறிப்பு எழுதவும் இடம் இருக்கிறது. எந்த வழிமுறை, எதுவரை தெரிந்திருக்க வேண்டும், வைப்புக்குப் பிறகு பேசுவோமா மாட்டோமா, எல்லாம் அங்கே போகட்டும். அதைப் படித்துவிட்டு உள்ளே வருபவர் ஒப்புக்கொண்டு வருகிறார், அதற்குப் பிறகு அதை நினைவூட்டுவது வற்புறுத்தல் ஆகாது. டூட்டி ஃபைண்டரில் கேமே சேர்த்துவிடும் அந்நியரிடம் அந்த உரிமை கிடையாது. தலைக்கு மேல் பச்சை முளை ஐகானோடு வரும் புதியவரிடம் சுத்தமாகக் கிடையாது. அங்கே அதிகபட்சம் "முதல் தடவையா? வேணும்னா சொல்றேன்" என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

நிலையான குழு என்றால் முதல் நாளே கேட்டுவிடுகிறேன்: உங்கள் தவறை எல்லோர் முன்னாலும் சொல்லலாமா, தனியாகச் சொல்லவா, அன்றைக்கே சொல்லவா, மறுநாளா. பாதிப் பேர் "எப்படியும் சொல்லுங்க" என்பார்கள். எங்கள் இப்போதைய ஹீலர் அக்கா மட்டும், "ராத்திரி சொல்லாதீங்க, எனக்குத் தூக்கம் போயிடும், காலைல மெசேஜ் போடுங்க" என்றார். புதுத் தம்பி கிரே என்று எழுதியது அவருக்குத்தான். மறுநாள் காலை அவன் அவருக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினான். கூடவே, மூன்றாவது கட்டத்தில் ஹீல் அதிகமாகப் போகிறது, அதைத் தன் ஷீல்டால் தாங்க முடியுமா என்றும் கேட்டிருந்தான். அவர் சனிக்கிழமை வந்தார்.