பல்ஸ் எல்ஈடிக்கு டிரைவர் சிப் எடுக்கேக்க சூட்டில விடுற பிழைகள்

வெள்ளவத்தைத் தம்பி ஒருத்தன் போன மாசம் ஒரு பெட்டியோட வந்தான். உள்ளுக்க ஒரு வெள்ளை எல்ஈடி, 12 வோல்ட் சப்ளை, 1 அம்பியர் குடுக்கிற லீனியர் டிரைவர் சிப். 2 செக்கன் எரிஞ்சு 18 செக்கன் நூர்ந்து கிடக்கோணும், ஆனா ஒண்டரை செக்கனிலயே நூர்ந்திடுது. ரெண்டு நாளா ப்ரோக்ராமைத் தோண்டியிருக்கிறான், பாவம்.

பிழை கணக்கில. எல்ஈடி 3.2 வோல்ட் எடுக்க மிச்சம் 8.8 வோல்ட்டும் சிப்பிலதான் விழுது, 1 அம்பியருக்கு 8.8 வாட், பத்தில ஒரு பங்கு நேரம்தானே எரியுது எண்டு சராசரி 0.88 வாட் எண்டு எடுத்திட்டான், டேட்டாஷீட்டில ஒரு வாட்டுக்கு 50 டிகிரி சூடு ஏறும் எண்டிருக்கு, அப்ப 44 டிகிரிதான் ஏறும். பேப்பரில வடிவாத்தான் இருக்கு.

ஆனா சராசரிக் கணக்கு சரியா வாறது பல்ஸ், அதாவது ஒருக்கா எரியிற நேரம், மில்லிசெக்கன் கணக்கில இருந்தாத்தான். 1 மில்லிசெக்கன் எரிஞ்சு 9 நூர்ந்தாலும் பத்து சதவீதம்தான், ஆனா அதில சிப்புக்குப் பெரிசா சூடாக நேரமில்ல. 2 செக்கன் எண்டா சிலிக்கன் எப்பவோ கொதிச்சு, சூடு போர்ட்டுக்கே இறங்கத் தொடங்கியிருக்கும். டேட்டாஷீட்டில ட்ரான்சியன்ட் தெர்மல் இம்பீடன்ஸ் எண்டு, எவ்வளவு நேர பல்ஸுக்கு வாட்டுக்கு எத்தின டிகிரி ஏறும் எண்டு காட்டுற ஒரு கிராஃப் இருந்தா அதில உங்கட பல்ஸ் நீளத்துக்கு நேர பாருங்க. அங்க வாட்டுக்கு 15 டிகிரி எண்டு வச்சாலும் 8.8 ஆல பெருக்க 132 டிகிரி, மூடின பெட்டிக்குள்ள கொழும்பு வெக்கையில ஏற்கனவே 55, மொத்தம் 187. அதுக்கு முதலே, அநேகமா 150 இலிருந்து 170க்குள்ள, சிப் தானா கட் ஆகிடும். "சூடானா அதுவே நிக்கும்தானே" எண்டு அதை நம்பி டிசைன் பண்ணுறது, பியூஸ் இருக்கெண்டு தினம் ஷோர்ட் பண்ணுற மாதிரி.

விரல் வச்சுப் பாத்தும் பிரயோசனமில்ல, விரலுக்கும் சராசரிதான் விளங்கும்.

அந்த 50 கூட பொதுவா பெரிய நாலு லேயர் டெஸ்ட் போர்ட்டில அளந்தது, எங்கட தீப்பெட்டி சைஸ் ரெண்டு லேயர் போர்ட்டில 80, 90 எண்டும் போகும். சிப்பின்ட வயித்தில இருக்கிற பேட்டைச் சோல்டர் பண்ணாம விட்டா இன்னும் மோசம்.

மிச்ச வோல்ட்டைச் சூடாக்காம, வேகமா ஓன் ஓஃப் பண்ணிக் குறைக்கிற பீடி4115 மாதிரி பக் சிப்புக்கு மாறினா சூடு நல்லா குறையும், ஆனா 12 வோல்ட்டில ஒரே ஒரு எல்ஈடி எண்டா கிட்டத்தட்ட 70 சதவீத நேரம் கரண்ட் டயோடாலதான் ஓடும், அது மட்டும் 0.3 வாட் வரும், அந்த டயோடைக் கொண்டுபோய் சிப்போட ஒட்டி வைக்காதீங்க.

தம்பி அதுவும் செய்யேல்ல. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில ஒரு 5 வோல்ட் அடப்டர் வாங்கி மாட்டினான். இப்ப சிப்பில விழுறது 1.8 வாட், அதே 15 ஆல பெருக்கினா 27 டிகிரி. அவன்ட சிப் வேலை செய்ய அந்த 1.8 வோல்ட் மிச்சம் காணும், காணாத சிப்பும் இருக்கு, காசு குடுக்க முதல் பாருங்க.