லென்ஸில் பனி இறங்கும் முன்: இரவு வான டைம்லாப்ஸில் தவிர்க்க வேண்டியவை

சீரான இடைவெளியில் பல படங்கள் எடுத்து, அவற்றை வேகமாக ஓடும் வீடியோவாக ஒட்டுவதுதான் டைம்லாப்ஸ். அதை எடுக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு அடிப்படை விஷயங்கள் இன்று நன்றாகவே தெரிந்திருக்கின்றன. ட்ரைபாடை அசையாமல் ஊன்ற வேண்டும், ரா ஃபைலாக எடுக்க வேண்டும், ஃபோகஸை மேனுவலில் வைக்க வேண்டும் என்றெல்லாம் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். ஆரம்பத்தில் நான் சறுக்கிய அதே இடங்களில் அவர்களும் சறுக்குவதைப் பார்க்கும்போது மனசு பொறுக்கவில்லை. அந்த இடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

## லீவு நாளைப் பார்த்து, நிலாவைப் பார்க்காமல் கிளம்புவது

சனி, ஞாயிறு கிடைத்தது, வண்டி கிடைத்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். மலைமேல் போய் நின்றால் தலைக்கு மேலே முக்கால் நிலா. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரிலேயே அமாவாசை போட்டிருக்கும். அதற்கு முன்பின் நான்கைந்து நாட்கள்தான் நமக்கு. வளர்பிறை மூன்றாம் நாள் நிலா கெடுதல் செய்யாது. மாலையில் மலைச்சரிவுக்குக் கொஞ்சம் வெளிச்சம் கொடுத்துவிட்டுச் சீக்கிரமே மறைந்துவிடும்.

மில்கிவேயின், அதாவது பால்வீதியின், மையம் விருச்சிகம், தனுசு பக்கம் இருக்கிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது அடிவானத்தை ஒட்டியே போய் மறையும். தமிழ்நாட்டில் தெற்கே ஏறத்தாழ 50 பாகை உயரம் வரை ஏறும். இது நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வரம். பிப்ரவரி நடுவில் விடியற்காலை மூன்று மணிவாக்கில் தென்கிழக்கில் எழும். ஏப்ரல் நடுவில் இரவு பதினொரு மணிக்கே வந்துவிடும். மே மாதம் கோடைமழை மேகம், ஜூனில் தென்மேற்குப் பருவமழை. ஆகவே மேற்குத் தொடர்ச்சி மலையில் நம்பிப் போகக்கூடியவை ஒரு வருஷத்துக்கு மூன்று அமாவாசைகள்தான். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## ஷட்டருக்கும் இடைவெளிக்கும் ஒரே எண்

ஷட்டர் 20 நொடி திறந்திருக்க, இடைவெளியும் 20 நொடி என்று வைத்தால் கேமரா முதல் படத்தை முடித்து எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கட்டளை வந்துவிடும். அதைத் தவறவிட்டு 40-ஆவது நொடியில்தான் மறுபடி எடுக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதி ஃப்ரேம்தான் இருக்கும், நட்சத்திரங்கள் தவ்வித் தவ்விப் போகும். பெரும்பாலான கேமராக்களில் இடைவெளி என்பது ஒரு படத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்த படத்தின் தொடக்கம் வரை. ஆகவே ஷட்டரைவிட இரண்டு மூன்று நொடி கூடுதலாக வையுங்கள். இன்னொன்று: திரையில் 30 நொடி என்று காட்டும் ஷட்டர் பல கேமராக்களில் உண்மையில் 32 நொடி திறந்திருக்கும். 31 நொடி இடைவெளி வைத்துவிட்டு ஏன் படம் குறைகிறது என்று குழம்புகிறவர்கள் பலர்.

## ஆட்டோ வொயிட் பேலன்ஸ்

நிறச் சாயலைக் கேமராவே தீர்மானிக்க விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும். வேண்டாம். 4000 கெல்வினில் நிறுத்திவிடுங்கள்.

## லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன்

நீண்ட நேர ஷட்டரில் வரும் புள்ளிகளைக் குறைக்கும் இந்தக் கேமரா வசதியை அணைத்து வையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் அதே நேரத்துக்கு ஓர் இருட்டுப் படம் எடுக்கும். பாதி இரவு அதிலேயே போய்விடும்.

## பனி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் பாடம் கேட்பது ஆட்டகாமா, அமெரிக்கப் பாலைவனங்கள் மாதிரியான வறண்ட ஊர்களில் எடுக்கப்பட்ட வீடியோக்களிலிருந்து. அங்கே காற்றில் ஈரமே இல்லை. லடாக்கின் ஹான்லேயிலும் அப்படித்தான். 4,500 மீட்டர் உயரம், குளிர் எலும்பைத் துளைக்கும், ஆனால் காற்று காய்ந்து கிடக்கும். அந்த ஊர்க்காரர்கள் லென்ஸில் பனி படிவதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நம் ஊர் மலைகளில் ஓர் இரவைக் கெடுக்கும் முதல் காரணமே அதுதான்.

கொழுக்குமலையில் ஒரு பிப்ரவரி அமாவாசை. பக்கத்துக் கூடாரத்தில் நான்கு பையன்கள். இடத்தேர்வு அருமையாக இருந்தது: முன்னால் தேயிலைச் சரிவு, கீழே தேனிச் சமவெளி, தென்கிழக்கு முழுவதும் திறந்த வானம். இரவு பத்து மணிக்கே கேமராவை ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போனார்கள். போகும் முன் அவர்களில் ஒருவனிடம் லென்ஸைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டர் பட்டை இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்குண்ணா, பையில வச்சிருக்கேன். பனி வந்தா மாட்டிக்கலாம்" என்றான். இப்போதே மாட்டு என்றேன். தலையாட்டினான். மாட்டவில்லை.

நான்கு மணிக்கு எழுந்து வந்தபோது மில்கிவே மலைமுகட்டுக்கு மேலே ஏறி நின்றது. அவன் லென்ஸ் வெந்நீர் போட்ட குளியலறைக் கண்ணாடி மாதிரி இருந்தது. சட்டை நுனியால் துடைத்தான். இரண்டு நிமிடத்தில் மறுபடி மூடிக்கொண்டது. மறுபடி துடைத்தான், ஃபோகஸ் வளையம் நகர்ந்துவிட்டது. அதன் பிறகு ஹீட்டரைத் தேடி எடுத்து மாட்டி, கண்ணாடி தெளிவதற்குள் கிழக்கு வெளுத்துவிட்டது. "நடுராத்திரியில மேகம் வந்துடுச்சு போலண்ணா" என்றான் ஃப்ரேம்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டே. மேகமே வரவில்லை. இரவு முழுக்க வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. வருஷத்தில் மூன்று அமாவாசை என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒன்று பைக்குள் கிடந்த ஒரு பட்டையால் போயிற்று. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

மேகமா பனியா என்று ஃப்ரேமைப் பார்த்தே சொல்லிவிடலாம். மேகம் ஒரு பக்கமிருந்து வந்து மறுபக்கம் போகும். பனி நகராது. முதலில் பிரகாசமான நட்சத்திரங்கள் மட்டும் கொஞ்சம் பருத்து, சுற்றிலும் ஓர் ஒளிவட்டம் வரும். பார்க்க அழகாகக்கூட இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். அடுத்து மங்கலான நட்சத்திரங்கள் காணாமல் போகும், கீழே ஊர் விளக்குகள் ஊதிப் பெருக்கும், கடைசியில் முழுப் படமும் சாம்பல் நிறமாகும். இது ஐம்பது அறுபது ஃப்ரேம்களில் மெல்ல நடப்பதால் எந்த ஃப்ரேமில் வெட்டுவது என்றும் தெரியாது. எந்த மென்பொருளாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. நட்சத்திரத்தின் ஒளி கண்ணாடியிலேயே சிதறிவிட்டது.

காரணத்தைப் புரிந்துகொண்டால் ஹீட்டரை ஏன் முன்பே மாட்ட வேண்டும் என்பதும் புரியும். திறந்த வானத்தைப் பார்த்து நிற்கும் எந்தப் பொருளும் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்துகொண்டே இருக்கும். அதனால் லென்ஸின் முன்கண்ணாடி சுற்றியிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. காற்றிலுள்ள ஈரம் நீராக மாறும் வெப்பநிலைக்குக் கீழே கண்ணாடி இறங்கிய அந்த நிமிடம் பனி படியும். மேகம் இருந்தால் அது வெப்பத்தைத் திருப்பி அனுப்பும்; காற்று வீசினால் கண்ணாடி அவ்வளவு குளிராது. அதாவது மேகமில்லாத, காற்றில்லாத இரவு, நாம் வேண்டி வேண்டி வந்த அந்த இரவுதான் பனி கொட்டும் இரவு. அதிலும் விடியலுக்கு முந்தைய மணிநேரங்கள் மோசம். பிப்ரவரியில் மில்கிவே எழுவதும் அப்போதுதான். துடைத்தால் நீர் போகுமே தவிர கண்ணாடியின் குளிர் போகாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். யுஎஸ்பி-யில் ஓடும் ஹீட்டர் பட்டையை முன்கண்ணாடிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் சுற்றுங்கள். ஃபோகஸ் வளையத்தின் மேல் அழுத்தம் விழக்கூடாது. கேமராவை வெளியே வைத்தவுடனேயே ஹீட்டரை ஓடவிட்டு, கால் மணி நேரம் கழித்து ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸ் சூடாகும்போது ஃபோகஸ் சிறிது நகரும் என்பதால் இந்த வரிசை முக்கியம். பிறகு வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். கண்ணாடி சுற்றியுள்ள காற்றைவிடக் கொஞ்சம் சூடாக இருந்தால் போதும். கை சுடும் அளவுக்கு ஏற்ற வேண்டாம்.

மின்சாரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 10,000 எம்ஏஎச் பவர்பேங்க் என்றால் 37 வாட்-மணி. 6 வாட் பட்டை ஓடினால், இழப்பும் சேர்த்து, ஐந்து மணி நேரம். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் மூன்று மணிக்கு, மில்கிவே எழும் நேரத்தில், அணைந்துவிடும். 20,000 எடுத்துப் போங்கள். கேமராவுக்கு வேறு, ஹீட்டருக்கு வேறு.

ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்; மெல்லிய கண்ணாடி இன்னும் சீக்கிரம் குளிரும். லென்ஸ் ஹூட் போடுங்கள், வானத்தைப் பார்க்கும் கோணம் குறையும். இடமும் முக்கியம். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும் என்பதால் ஏரிக்கரையிலும் புல்வெளிப் பள்ளத்திலும் பனி அதிகம். அதே இடத்தில் சரிவில் கொஞ்சம் மேலே ஏறி நின்றாலே வித்தியாசம் தெரியும்.

## அந்தி முதல் மில்கிவே வரை ஒரே ஓட்டம்

எல்லோருக்கும் முதல் நாளே இதுதான் வேண்டும். சூரியன் மறையும்போது 1/250 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 100. நள்ளிரவில் 20 நொடி, ஐஎஸ்ஓ 3200. அபெர்ச்சரை (லென்ஸின் திறப்பை) எஃப் 2.8-இலேயே வைத்திருந்தாலும் இடைப்பட்ட வேறுபாடு ஒன்றரை லட்சம் மடங்குக்கு மேல். ஏறத்தாழ 17 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு). அதைத் தாவல் தெரியாமல் கடப்பது பழகியவர்களுக்கே கடினம். பொதுவாகச் சிக்கிக்கொள்ளும் இடம் வேறு: அந்தி மேகத்துக்காக 5 நொடி இடைவெளியில் தொடங்குகிறார்கள், இருட்ட இருட்ட ஷட்டர் 5 நொடியைத் தொடும்போது வழியடைத்துக்கொள்கிறது. இரவின் நீளமான ஷட்டருக்கு ஏற்ற இடைவெளியை முதல் படத்திலிருந்தே வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் முதல் ஒரு வருஷம் அந்தியைத் தனியாக, இரவைத் தனியாக எடுத்து எடிட்டிங்கில் ஒட்டுங்கள். பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது.

## பகல் மேகத்துக்கும் நட்சத்திரக் கணக்கு

முகட்டைத் தாண்டி வழியும் மஞ்சுக்கு இரண்டு, மூன்று நொடி இடைவெளி. இருபது நொடி வைத்தால் மஞ்சு ஓடாது, மறைந்து மறைந்து தோன்றும். பகலில் ஷட்டர் இடைவெளியில் பாதியளவு திறந்திருந்தால் அசைவு வழுவழுவென்று இருக்கும். அதற்கு ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும்.

## தொடக்க ஃப்ரேமை மட்டும் பார்ப்பது

மில்கிவேயை ஃப்ரேமின் நடுவில் அழகாக வைத்துத் தொடங்குகிறார்கள். வானம் மணிக்கு 15 பாகை நகரும். மூன்று மணி நேரத்தில் 45 பாகை. தொடங்கும்போது எங்கே இருக்கிறது என்பதோடு, முடியும்போது எங்கே இருக்கும் என்பதையும் பார்த்துத்தான் ட்ரைபாடைத் திருப்ப வேண்டும். நகரும் திசையில் வெறும் வானத்தை விட்டு வையுங்கள், அது தானாக நிறையும். நீளக் கணக்கும் உண்டு: நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் பத்து நொடி வீடியோவுக்கு 240 படம், 25 நொடி இடைவெளியில் 100 நிமிடம். ஒரு மணி நேரத்தில் குளிர் தாங்காமல் கேமராவை எடுத்துவிட்டு ஆறு நொடிதான் வந்தது என்று வருந்துவதற்கு முன் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

## கண்ட இடத்தில் வெளிச்சம் அடிப்பது

சிவப்பு ஹெட்லேம்ப், அதுவும் தரையைப் பார்த்து. ஜவ்வாது மலைக்குப் போகிறவர்களிடம் கூடுதலாக ஒரு வேண்டுகோள். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே வேலை செய்கிறது. அந்த இருட்டை நம்பித்தான் அதை அங்கே கட்டினார்கள். அதன் சுற்றுப்பகுதியில் ஹெட்லைட்டை எரியவிட்டு நிற்பதும், படத்துக்காக டார்ச்சை வானத்தை நோக்கி அடிப்பதும் கூடவே கூடாது.

## அனுமதி இல்லாமல் காட்டில் நிற்பது

யானைக்கு நம் ட்ரைபாட் தெரியாது. வனத்துறையைக் கேட்காமல் போகாதீர்கள்.

## ஈரத்தோடு பையில் வைப்பது

விடிந்ததும் கேமரா உடல், லென்ஸ் குழல், ட்ரைபாட் எல்லாம் நனைந்திருக்கும். டீ குடிக்கப் போகும் அவசரத்தில் அப்படியே பையில் திணித்து, ஜிப்பைப் போட்டு, சென்னை வரைக்கும் திறக்காமல் போனால் லென்ஸுக்குள் பூஞ்சை வரும். நம் தட்பவெப்பத்துக்கு அது வேகமாகவே வரும், கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, வெயில் ஏறிய பிறகு நிழலில் அரை மணி நேரம் திறந்து வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் சிலிகா ஜெல் போட்ட மூடி இறுகும் டப்பாவுக்குள் லென்ஸைத் தனியாக வையுங்கள். மலிவான ஈரப்பதமானி கிடைத்தாலும் உள்ளே போட்டு, 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். ஏறியிருந்தால் சிலிகா ஜெல்லை மாற்றுங்கள். ஹீட்டர் பட்டையை மட்டும் அந்த டப்பாவில் வைக்க வேண்டாம். கேமரா பையின் முன் ஜிப்பில், பவர்பேங்கோடு சேர்த்தே கிடக்கட்டும்.