சூப்பர்வைசர் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன்

ரொறன்ரோவுக்கு வந்து சேரும் நம்மவர்களில் பலருக்கு முதல் வேலை பார்சல் வெயார்ஹவுஸில்தான் அமைகிறது. ஊரில் வங்கியில் கணக்குப் பார்த்தவரும், கிளிநொச்சியில் கடை நடத்தியவரும், பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவரும் பார்சல் ஓடும் ஒரே பெல்ட்டின் இரு பக்கமும் நின்று பெட்டி பிரிக்கிறார்கள். ஒரு குளிர்காலம் தாக்குப்பிடித்து, நேரத்துக்கு வந்து, ஆங்கிலத்தில் நாலு வார்த்தை தடுமாறாமல் பேசினால் ஒருநாள் அலுவலக அறைக்குள் கூப்பிட்டு, “சூப்பர்வைசராக வருகிறாயா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத் தலையாட்டுமுன் தெரிந்திருக்க வேண்டியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். மற்றதெல்லாம் சொல்லித்தர ஸ்காபுறோவில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

இருந்தாலும் ஆரம்ப வேலைகளை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். முதலில் சின் இலக்கம், அதாவது வேலை செய்யத் தேவையான சமூகக் காப்புறுதி இலக்கம். தற்காலிக அனுமதியில் வந்தவர்களின் இலக்கம் 9இல் தொடங்கும். அதற்குக் காலாவதித் திகதி உண்டு. வேலை அனுமதியைப் புதுப்பித்ததும் இதையும் புதுப்பியுங்கள், இல்லாவிட்டால் சம்பளப் பிரிவு கழுத்தைப் பிடிக்கும். அடுத்தது வங்கிக் கணக்கு. பிறகு பச்சை முக்கோண அடையாளம் தைத்த பாதுகாப்புச் சப்பாத்து. மலிவானதை வாங்கினால் ஜனவரியில் கால்விரல் சொல்லும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட அரசாங்க லைசென்ஸ் என்று ஒன்று, ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் இல்லை. பயிற்சி கொடுத்து, ஓட்டத் தகுதியானவர் என்று உறுதி செய்வது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. ‘லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன்’ என்று காசு கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். பெரும்பாலான வெயார்ஹவுஸ்கள் மிசிசாகா, பிறம்ரன் பக்கம். அதிகாலை ஷிப்டுக்குப் பஸ்ஸை நம்பிப் போக முடியாது. கார் உள்ள ஒருவருடன் சேர்ந்துகொள்ளுங்கள், பெற்றோல் காசைக் கேட்காமலே கொடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் நண்பர் ஒருவர், வவுனியாக்காரர், ஒரு பார்சல் நிறுவனத்தின் இரவு ஷிப்டில் மணிக்கூலிக்கு இருந்தார். வேலையில் சூரர். பார்சல் ஏற்றிவரும் லொறியின் ட்ரெய்லர் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தே ‘இது நாற்பது நிமிட வேலை’ என்று சொல்லிவிடுவார். அநேகமாகச் சரியாக இருக்கும். அவரைச் சூப்பர்வைசராக்கினார்கள். மணிக்கூலி நின்றுபோய் ஆண்டுச் சம்பளம் வந்தது. நம் ஊர்ப் பழக்கம் தெரியுமே, பதவி உயர்வுக் கடிதத்தை வாசித்துப் பார்த்து நிபந்தனை கேட்பது மரியாதைக் குறைவு. வீட்டில் பாயசம் வைத்தார்கள். அம்மா ஊரில் பிள்ளையாருக்கு மோதகம் படைத்தார். கடிதத்தில், ‘இந்தப் பதவிக்கு ஓவர்டைம் கிடையாது’ என்ற ஒரு வரி மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 24 டொலர் என்று வையுங்கள். வாரம் 40 மணித்தியாலத்துக்கு 960 டொலர். அதற்கு மேல் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒன்றரை மடங்கு, அதாவது 36 டொலர். ஆண்டுக்கு 62,000 டொலர் சம்பளம் என்றால் வாரத்துக்கு ஏறத்தாழ 1,192. கேட்கும்போது இனிக்கிறது. ஆனால் வாரம் 47 மணித்தியாலத்தைத் தொட்டவுடன் பழைய மணிக்கூலியே கூடுதலாக வந்திருக்கும். 55 மணித்தியாலம் வேலை செய்தால் மணிக்கூலிக்காரருக்கு 1,500. சூப்பர்வைசருக்கு அதே 1,192. நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃப்ரைடே விற்பனை தொடங்கி நத்தார் முடியும்வரை வாரம் 55 என்பது அங்கே சாதாரணம். கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலில் ஒரு சுட்டி ஏற்றக்கூட அவர் வீட்டில் இருக்கவில்லை. அவருக்குக் கீழே பெட்டி இறக்கிய இளைஞன் ஒருவன் தன் சம்பளச் சீட்டை அவரிடமே காட்டி, “அண்ணை, இது சரியா?” என்று கேட்டானாம். இவருடைய சீட்டைவிட அதில் தொகை கூட. சரி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு ட்ரெய்லருக்குள் போய்விட்டார்.

இங்கேதான் நுணுக்கம். ‘சூப்பர்வைசருக்கு ஓவர்டைம் இல்லை’ என்பதைச் சூரியன் கிழக்கில் உதிப்பதுபோல் எல்லாரும் சொல்வார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதைவிட முக்கியம், எந்தச் சட்டம் என்பதே பலருக்குத் தெரியாது.

கனடாவில் தொழிற்சட்டம் இரண்டு அடுக்கு. சாதாரணக் கடை, தொழிற்சாலை, இணைய விற்பனைக்காரரின் களஞ்சியம் போன்றவை மாகாணச் சட்டத்தின் கீழ் வரும். ஒன்ராறியோவில் வாரம் 44 மணித்தியாலத்துக்கு மேல்தான் ஓவர்டைம். ஆனால் மாகாண எல்லையையும் நாட்டு எல்லையையும் தாண்டிப் பார்சல் கொண்டுபோகும் கூரியர் நிறுவனங்கள் மத்திய அரசின் கனடா தொழிற்சட்டக்கோவையின் கீழ் வருகின்றன. அங்கே நாளுக்கு 8, வாரத்துக்கு 40 மணித்தியாலத்துக்கு மேல் போனாலே ஓவர்டைம் தொடங்கிவிடும். சாரதிகளுக்குக் கணக்கு வேறு; அதை இங்கே இழுக்கவில்லை. தற்காலிகமாக ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் வந்தவர் பெரும்பாலும் மாகாணச் சட்டத்தில் இருப்பார். ஆக, ஒரே கூரையின் கீழ், ஒரே பெல்ட்டில், பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு சட்டமும் உங்களுக்கு இன்னொரு சட்டமும் இருக்கக்கூடும்.

எந்தப் பக்கம் என்று மோப்பம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. நாள்காட்டியைப் பாருங்கள். பெப்ரவரியில் வரும் குடும்ப தினம் ஒன்ராறியோவின் சட்ட விடுமுறை, மத்திய சட்டத்தில் அது இல்லை. செப்டெம்பர் 30உம் நவம்பர் 11உம் மத்திய சட்டத்தின் விடுமுறைகள், ஒன்ராறியோவின் பட்டியலில் அவை இல்லை. குடும்ப தினத்தில் பெல்ட் ஓடி, செப்டெம்பர் 30க்கு விடுமுறைச் சம்பளம் வந்தால் அநேகமாக நீங்கள் மத்திய சட்டத்தின் ஆள். தாராள மனமுள்ள நிறுவனம் இரண்டையும் கொடுக்கலாம் என்பதால், முடிவாக மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

இரண்டு சட்டங்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: சட்டைப்பையில் குத்திய பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பது செல்லாது, செய்யும் வேலைதான் செல்லும். மத்திய சட்டத்தில் முகாமையாளர் என்றால்தான் ஓவர்டைம் விதி விலகுகிறது. ஆளை எடுக்க, நிறுத்த, தண்டிக்க, செலவைத் தீர்மானிக்கச் சொந்த அதிகாரம் இருக்கிறதா? அல்லது மேலே இருப்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் கட்டளையை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறீர்களா? இரண்டாவது என்றால் உங்களை முகாமையாளர் என்று சாதிப்பது அவர்களுக்கு இலேசான காரியம் இல்லை. ஒன்ராறியோச் சட்டத்தில் மேற்பார்வை வேலையே விலக்குக்குப் போதும். ஆனால் பெட்டி இறக்குவது, ஸ்கேன் செய்வது போன்றவற்றை எப்போதாவது அவசரத்துக்குச் செய்தால்தான் அந்த விலக்கு நிற்கும். ஒவ்வொரு இரவும் ஆள் போதாமல் நீங்களே ட்ரெய்லருக்குள் நின்றால் கதை மாறுகிறது. என் நண்பர் ஷிப்டின் பெரும்பகுதியை ட்ரெய்லருக்குள்தான் கழித்தார். ஒருவருக்கு ஒருநாள் லீவு கொடுக்கக்கூட அவருக்கு அதிகாரம் இருக்கவில்லை.

இத்தனை நியாயம் இருந்தும் அவருக்கு ஒரு சதம்கூடக் கிடைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பெப்ரவரியில் வேலையை விட்டார். முதல் மாதமே முறைப்பாடு கொடுக்க நினைத்தபோது, ஒரு கல்யாண வீட்டில் எல்லாம் தெரிந்த பெரியவர் ஒருவர், “அவசரப்படாதே தம்பி, இரண்டு வருடம் வரை நேரம் இருக்கு” என்றார். இரண்டு வருடம் என்பது ஒன்ராறியோவின் கணக்கு. அவருக்குப் பொருந்திய மத்திய சட்டத்தில் சம்பள முறைப்பாட்டுக்கு, கடைசியாகச் சம்பளம் தந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஆறே மாதம். நண்பர் புது வேலை, வீடு மாற்றம், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று எல்லாம் ஒழுங்கானபின் ஒக்ரோபரில் போனார். கதவு மூடியிருந்தது. ஐயாயிரம் டொலருக்கு மேல் போயிற்று. அந்தப் பெரியவர் இப்போதும் கல்யாண வீடுகளில் சட்டம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

இன்னொரு கெடுவும் இருக்கிறது. மத்திய சட்டத்தின் கீழ் 12 மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை, யூனியனிலும் இல்லாமல் முகாமையாளராகவும் இல்லாமல் இருந்தால், நியாயமின்றி நீக்கிவிட முடியாது. அதை எதிர்த்து முறையிட 90 நாள்தான்.

யூனியன் என்றதும் நினைவுக்கு வருகிறது. பெரிய பார்சல் நிலையங்கள் பலவற்றில் யூனியன் உண்டு. சூப்பர்வைசரானால் அநேகமாக யூனியனை விட்டு வெளியே வருகிறீர்கள். ஊரில் தொழிற்சங்கம் என்றால் மே தினத்துக்குச் சிவப்புக் கொடியுடன் ஊர்வலம் போகும் கூட்டம் என்றுதான் நமக்கு எண்ணம். இங்கே மூப்பு வரிசை அவர்களின் கையில். எந்த ஷிப்ட், எந்த விடுமுறை, ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் என்பதெல்லாம் அதில் தொங்குகிறது. புதுப் பதவி ஒத்துவராவிட்டால் திரும்பி வரலாமா, எத்தனை மாதத்துக்குள், பழைய மூப்போடா என்று யூனியன் பிரதிநிதியிடம் முதலில் கேட்டுவிட்டு வாருங்கள்.

இதையெல்லாம் கேட்டபின்னும் பதவியை எடுக்கிறீர்கள் என்றால் எடுங்கள். அதில் ஒரு பெருமை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஷிப்ட் தொடங்குமுன் முப்பது பேர் சுற்றி நிற்க, கையில் அட்டையுடன் ‘இன்றைக்குப் பதினான்கு ட்ரெய்லர்’ என்று சொல்லும் அந்த ஐந்து நிமிடத்தில் வந்த வழியெல்லாம் மறந்துபோகும். ஆனால் முதல் நாளிலிருந்தே ஒரு கொப்பி வையுங்கள். வந்த நேரம், போன நேரம், அன்றைக்கு எத்தனை மணித்தியாலம் கைவேலை, எத்தனை மணித்தியாலம் மேற்பார்வை. நிறுவனத்தின் கணினியில் வேண்டாம், சொந்தக் கொப்பியில். வேலையை விட்ட அன்றே கணினிக்கான அனுமதி போய்விடும். மேலாளர் அனுப்பும் ‘இன்று நீயும் இறங்கு’ என்ற செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

நம்மவர்களை மேய்ப்பது தனித் தலைவலி. கீழே வேலை செய்பவர்களில் பாதிப்பேர் தமிழர் என்றால் ‘அண்ணை’ என்ற ஒரு சொல்லை வைத்தே எல்லாம் கேட்பார்கள். பத்து நிமிடம் பிந்தி வருகிறேன், என் கார்டையும் சேர்த்து அடித்துவிடுங்கள் என்பார்கள். அடித்துவிடாதீர்கள். கமரா இருக்கிறது, இருவரும் போவீர்கள். ஊரில் கூட்டாளிக்காகக் கையெழுத்துப் போட்டது நல்ல மனம். இங்கே அதற்குப் பெயர் திருட்டு.

யாருக்காவது முதுகு பிடித்தாலோ, விரல் நசுங்கினாலோ, ‘வீட்டுக்குப் போய்ச் சித்தாலேப தைலம் தடவு, திங்கள் வா’ என்று அனுப்பும் வழக்கமும் வேண்டாம். சிகிச்சை தேவைப்படும் காயத்தை வேலை கொடுப்பவர் மூன்று வேலை நாட்களுக்குள் ஒன்ராறியோவின் வேலையிடக் காப்புறுதிச் சபைக்கு அறிவிக்க வேண்டும். அதை மறைக்கச் சொல்வது சட்டவிரோதம். ‘இந்த மாதம் விபத்துப் பூச்சியம், பீட்சா விருந்து’ என்று சுவரில் ஒட்டியிருப்பதற்காக ஒருவனின் முதுகை விற்காதீர்கள். அன்றே எழுதி, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

முறைப்பாடு கொடுக்கக் காசு தேவையில்லை. மத்திய அரசின் தொழிலாளர் பிரிவுக்கும் ஒன்ராறியோவின் தொழில் அமைச்சுக்கும் இணையத்திலேயே படிவம் இருக்கிறது. நூற்றைம்பது டொலர் வாங்கிக்கொண்டு அதே படிவத்தை நிரப்பிக் கொடுக்கும் கடைகள் நம் பிளாசாக்களில் இருக்கின்றன. பணம் அனுப்பும் கடைக்குப் பக்கத்தில், மொழிபெயர்ப்புப் பலகையின் கீழ். அங்கே போகாதீர்கள். வருமானம் குறைந்தவர்களுக்குச் சமூகச் சட்ட உதவி நிலையங்கள் இலவசமாகப் பார்க்கின்றன. எந்தச் சட்டம் என்று சந்தேகமாக இருந்தால் ஆறு மாதம் என்றே எடுத்துக்கொண்டு, சம்பளச் சீட்டுகளையும் கொப்பியையும் கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் தூக்கிக்கொண்டு இந்த வாரமே போங்கள்.