மாடித்தோட்டம்: விதை வாங்கும் முன் தளத்தைப் பாருங்கள்

மாடியில் ஒரு தக்காளிச் செடி பட்டுப்போனால் போவது நாற்று மட்டும். தளம் ஒழுக ஆரம்பித்தால் கம்பி துருப்பிடித்து, பூச்சு உதிர்ந்து, செலவு கீழ்வீடு வரை இழுக்கும். ஆகவே சென்னை போன்ற ஊரில் மொட்டைமாடியில் காய்கறி போட நினைப்பவர்கள் எடை, நீர் இரண்டுக்கும் முதலில் வழி செய்துகொள்ள வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. சங்கத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 வைக்கும் கணக்கு, சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. ஆள், தண்ணீர், தோட்டம் எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும். நனைந்த செம்மண் லிட்டருக்கு 1.7 கிலோ அளவுக்குக் கனக்கும். அரை அடி உயரத்துக்குப் பாத்தி கட்டினாலே 250 கிலோவைத் தாண்டிவிடும்; சாதாரண வீட்டுத் தளத்தில் பாத்தி கூடாது என்பது இதனால்தான். செடி வளர்க்கும் 15-க்கு 15 அங்குலப் பை (குரோ பேக்) ஏறக்குறைய 40 லிட்டர் கொள்ளும். வெறும் மண் போட்டால் நனைந்தபின் 70 கிலோ, தேங்காய் நார்க்கழிவு கலந்தால் 45 கிலோ. சதுர மீட்டருக்கு இரண்டு பை போதும். கீழே சுவரோ பீமோ ஓடும் கோட்டின் மேல் வரிசையாக வையுங்கள். அறையின் நடுவுக்கு நேர் மேலே உள்ள இடம் நடைபாதையாகவே இருக்கட்டும். ஸ்லாப் அதிகம் வளைவது அங்கேதான். சன்ஷேடு மேல் ஒரு பைகூட வேண்டாம்.

பழைய மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய தளம், இந்தக் கணக்குக்குள் வராது. கட்டடப் பொறியாளர் நேரில் பார்க்காமல் அதில் கை வைக்காதீர்கள்.

அடுத்து ஒழுகல். காங்கிரீட் தளமாக இருந்தால் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்து, 1 அங்குலம் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் விடுங்கள். தளத்தின் வாட்டம் (சரிவு) அதிகமென்றால் மண்மூட்டையால் வரம்பு போட்டுப் பகுதி பகுதியாகச் செய்யலாம். கீழே கூரையில் ஈரம் தெரியும் இடங்களைச் சாக்பீஸால் குறித்துவையுங்கள். பெரும்பாலும் கசிவு வருவது தட்டோட்டின் இடுக்குகளிலும், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையிலும்தான். இடுக்கில் உள்ள பழைய சாந்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த சிமெண்டால் நிரப்புங்கள். மேலோட்டமாகப் பெயிண்ட் மட்டும் அடித்தால் அடுத்த வெயிலில் உரிந்துவிடும்.

பையைத் தரையில் நேராக வைக்கக் கூடாது. அடியில் ஈரம் காயாது. துளை வழியாக வேர் இறங்கி ஓட்டு இடுக்கைத் தேடும். அரை அடி உயர இரும்பு ஸ்டாண்டில் வையுங்கள். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு துண்டு கடப்பாக்கல் கொடுத்தால் பளு பரவும், துருக்கறையும் தரையில் படியாது. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கும் பழக்கத்தை மாடியில் விட்டுவிடுங்கள். அதில் தேங்கும் தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும்.

கலவைக்கு வருவோம். 5 கிலோ நார்க்கழிவுக் கட்டியை 25 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்தால் 60 லிட்டருக்கு மேல் உப்பும். பழுப்புத் தண்ணீரை இரண்டு மூன்று முறை பிழிந்து கொட்டுங்கள். இல்லாவிட்டால் அதிலுள்ள உப்பு நாற்றின் இலை நுனியைக் கருக்கிவிடும். இரண்டு பங்கு நார்க்கழிவு, ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும், வேர் அழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி ஒரு மேசைக்கரண்டியும் சேர்த்து, ஈரம் காயாமல் நிழலில் பத்து நாள் வைத்திருந்து பயன்படுத்துங்கள். மேலே 2 அங்குலம் காலியாக விடுங்கள்.

கீரைக்கு 8 அங்குல ஆழம் போதும். கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டைக்கு 15 அங்குலப் பை. பாகல், பீர்க்கை மாதிரிக் கொடிக்கு 24-க்கு 12. முருங்கையை நட வேண்டாம், காற்றுக்கு முறியும். முதல் முறை என்றால் ஆடிப்பட்டத்தில் சிறுகீரையும் வெண்டையும் போதும். கீரை 25 நாளில் கைக்கு வரும், வெண்டை சுமார் 45 நாளில் காய்க்கும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும்.

தண்ணீரில்தான் அதிகம் தவறு நடக்கிறது. நார்க்கழிவு மேலே காய்ந்து தெரியும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். விரலை 2 அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம். வேர் அழுகியும் இலை மஞ்சளாகும். அதைச் சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போடுவது செடியைச் சீக்கிரம் கொல்லும் வழி. கோடையில் 15 அங்குலப் பைக்குக் காலையும் மாலையும் தலா ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் பிடிக்கும். வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருவது சுடுநீர், அதை வாளியில் பிடித்துவிட்டுப் பிறகு செடிக்குக் காட்டுங்கள். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீரில் உப்பு அடர்ந்திருக்கும், ஆகாது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் தாராளமாக ஊற்றலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் 50 சதவீத நிழல்வலை வேண்டும். கம்பம் நடத் தளத்தில் துளை போட்டால் நீங்கள் அடைத்த ஒழுகலை நீங்களே திறந்ததாகும். பெயிண்ட் வாளியில் காங்கிரீட் ஊற்றிக் கம்பத்தை நிறுத்துங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் முதலில் அவிழ்க்க வேண்டியது அந்த வலையைத்தான். 2016 டிசம்பரில் வர்தா சென்னையில் மரங்களையே பிடுங்கிப்போட்டது. காற்றில் விரிந்த வலை கம்பத்தையும் வாளியையும் சேர்த்துத் தெருவுக்குக் கொண்டுபோகும்.

ஐப்பசி, கார்த்திகையில் உதிர்ந்த இலையும் நாரும் மழைநீர்க் குழாயின் வாயை அடைக்கும். கைப்பிடிச் சுவருக்குள் 1 அடி தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு 300 கிலோ. பைகளுக்குப் பார்த்துப் பார்த்துப் போட்ட எடைக் கணக்கெல்லாம் அங்கே வீண். வாயில் கம்பிவலை வைத்து, மழைக்காலத்தில் தினமும் ஒரு பார்வை பாருங்கள். தோட்டப் பக்கத்துக் குழாய் குடிநீர்த் தொட்டியில் இறங்கினால், அதை மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்குத் திருப்பிவிடுங்கள். உரச்சாறு கலந்து பழுப்பாகத்தான் வரும்.

மாவுப்பூச்சி, அசுவினிக்கு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல். இலையின் அடிப்புறம் நனைய வேண்டும், மாலையில் மட்டும். பத்து நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கொடுக்கலாம்.

காய்ப்பு முடிந்த செடியைப் பிடுங்கும்போது வேரைக் கவனியுங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்தக் கலவையைக் கோடை வெயிலில் பிளாஸ்டிக் தாளுக்கடியில் நான்கு வாரம் வைத்து, அடுத்து செண்டுமல்லி நடுங்கள். வேர் சுத்தமாக இருந்தாலும் தக்காளிப் பையில் மறுபடி கத்தரியோ மிளகாயோ வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம், நோயும் ஒன்றே. கால் பங்கு புது மண்புழு உரம் கலந்து கொத்தவரையோ கீரையோ போடுங்கள்.