தளத்திலிருந்து மின்னஞ்சல் போகவில்லையா? எங்கே நின்றது என்று முதலில் பாருங்கள்

திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் அக்கா ஒருவருக்கு அறை புக்கிங் செய்யும் தளம் ஒன்றைச் செய்து கொடுத்தேன். படிவத்தை நிரப்பி அனுப்பினால் அக்காவுக்கு மின்னஞ்சல் வரும். நான் சோதித்தபோது ஒழுங்காக வந்தது. மே மாதம் கடல் அமைதியாகி, புறாத் தீவு பார்க்க ஆட்கள் வரத் தொடங்கிய நேரம், கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் பைகளோடு வாசலில் வந்து நின்றது. புக்கிங் செய்துவிட்டோம் என்றார்கள். அக்காவுக்கு எந்த மின்னஞ்சலும் வந்திருக்கவில்லை. அறையும் இல்லை.

அன்றிரவு நான் உடனே நிரலை மாற்றத் தொடங்கி மூன்று மணித்தியாலம் வீணாக்கினேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். மின்னஞ்சல் போகும் வழியில் சில இடங்கள்தான் உண்டு. எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்தால் திருத்துவது பெரும்பாலும் ஒரு வரி வேலை.

படி 1: தளம் அனுப்பவே இல்லையா?

திரையில் 'நன்றி' என்று வருவதை நம்ப வேண்டாம். படிவம் வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. தளம் செய்வதையெல்லாம் பதிந்துவைக்கும் லாக் கோப்பைத் திறந்து பாருங்கள். கடிதம் அனுப்ப பிஎச்பிமெயிலர் என்ற நிரல் தொகுப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், எஸ்எம்டிபி (கடிதம் அனுப்பும் முறை) டீபக் அளவை 2 ஆக்கினால் மெயில் சேர்வரோடு நடக்கும் உரையாடல் முழுவதும் தெரியும். வேலை முடிந்ததும் அதை 0 ஆக்க மறக்க வேண்டாம். லாரவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பில் செய்த தளம் என்றால், அமைப்புகளை எழுதி வைக்கும் என்வ் கோப்பில் மெயிலர் 'லாக்' என்று இருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் கடிதங்கள் வெளியே போகாமல் கோப்பில்தான் எழுதப்படும். அதை மாற்றிய பிறகு கன்ஃபிக் கேஷை (சேமித்து வைத்த பழைய அமைப்புகளை) அழிக்க வேண்டும். கடிதங்களைக் கியூவில் (வரிசையில்) போட்டு அனுப்புகிறீர்கள் என்றால், அவற்றை எடுத்து அனுப்பும் கியூ வேர்க்கர் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

படி 2: வாசல் திறந்திருக்கிறதா?

தளம் ஓடும் சேர்வரிலிருந்தே சோதிக்க வேண்டும், உங்கள் மடிக்கணினியிலிருந்து அல்ல. இன்னொரு சேர்வரோடு இணைப்புக் கிடைக்கிறதா என்று பார்க்கும் டெல்நெட் கட்டளையில் மெயில் சேர்வரின் பெயரையும் 587 என்ற போர்ட்டையும் (சேர்வரின் வாசல் எண்) கொடுங்கள். 220 என்று தொடங்கும் வரி வந்தால் வாசல் திறந்திருக்கிறது. ஒன்றும் வராமல் தொங்கி நின்றால் ஹோஸ்டிங் பக்கம் போர்ட்டை அடைத்திருக்கக்கூடும். ஸ்பாமைத் தடுக்கப் பல கிளவுட் நிறுவனங்கள் 25ஐ அடைத்தே வைத்திருக்கின்றன.

587க்கு ஸ்டார்ட்டிஎல்எஸ் (சாதாரணமாகத் தொடங்கிப் பிறகு மறைகுறியாக்கத்துக்கு மாறுவது), 465க்குத் தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் (மறைகுறியாக்கம்). 465இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் போட்டால் இரு பக்கமும் மற்றது பேசட்டும் என்று காத்திருந்து நேரம் முடிந்துவிடும். 587இல் தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் போட்டால் பிழை வரும்.

படி 3: கடவுச்சொல்

535 என்ற பிழை வந்தால் பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை. ஜிமெயில் வழியாக அனுப்புகிறவர்கள் இங்கேதான் அதிகம் மாட்டுகிறார்கள். 2022 மே 30 முதல் சாதாரணக் கடவுச்சொல்லைக் கொண்டு இப்படி நுழைய முடியாது. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துள்ள ஆப் பாஸ்வேர்ட் (செயலிகளுக்கென்று கூகுள் தரும் தனிக் கடவுச்சொல்) ஒன்றை எடுத்து அதைப் போடுங்கள்.

படி 4: '250' வந்தது, கடிதம் வரவில்லை

என் சிக்கல் இங்கேதான் இருந்தது. 250 என்றால் அடுத்த சேர்வர் கடிதத்தைப் பொறுப்பேற்றது என்று மட்டும்தான் பொருள். பெட்டியில் போட்டாயிற்று என்று அல்ல.

விருந்தினர் படிவத்தில் எழுதிய முகவரியையே நான் 'ஃப்ரம்' (அனுப்புநர்) இடத்தில் போட்டிருந்தேன். அக்கா ரிப்ளை அழுத்தினால் நேரே அவருக்குப் போகட்டும் என்று நினைத்துச் செய்தது. அந்தக் குடும்பம் கொடுத்தது யாகூ முகவரி. யாகூவின் பெயரில் கடிதம் அனுப்ப எங்கள் சேர்வருக்கு உரிமை இல்லை. அப்படி வரும் கடிதங்களை நிராகரிக்கச் சொல்லி யாகூ 2014இலேயே தன் டிமார்க் கொள்கையை (தன் பெயரில் வரும் போலிக் கடிதங்களை என்ன செய்வது என்று மற்றச் சேர்வர்களுக்குச் சொல்லும் அறிவிப்பை) மாற்றிவிட்டது. அதனால் அக்காவின் பக்கத்து மெயில் சேர்வர் கடிதத்தைத் திருப்பி அனுப்பியது. திரும்பிய அறிவிப்போ யாரும் திறந்து பார்க்காத ஒரு பெட்டியில் போய் விழுந்துகொண்டிருந்தது. நான் சோதித்தபோது தளத்தின் சொந்த முகவரியை எழுதினேன், அதனால்தான் எனக்கு மட்டும் எல்லாம் சரியாகத் தெரிந்தது.

திருத்தம் சுலபம்: ஃப்ரம் இடத்தில் எப்போதும் தளத்தின் சொந்த முகவரி, ரிப்ளை-டு (பதில் போக வேண்டிய) இடத்தில் விருந்தினரின் முகவரி.

அப்புறம் டொமைனின் (தளத்தின் இணையப் பெயரின்) பதிவுகள் இருக்கும் டிஎன்எஸ் பக்கத்துக்குப் போங்கள். எஸ்பிஎஃப் வரி, எந்தச் சேர்வர்கள் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்று சொல்கிறது. டிகேஐஎம், கடிதத்தில் போடும் கையொப்பம்; அதைச் சரிபார்க்கும் சாவியை டிஎன்எஸ் பக்கத்தில் ஒரு பெயரில் வைக்க வேண்டும். 2024 பெப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். இரண்டையும் போட்டுவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

எஸ்பிஎஃப் வரி ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். புதிய மெயில் சேவைக்காக இரண்டாவது வரி சேர்த்தால் இரண்டுமே செல்லாது, பழைய வரிக்குள்ளேயே சேருங்கள். டிகேஐஎம் சாவியின் பெயரை ஒட்டும்போது சில டிஎன்எஸ் பேனல்கள் டொமைன் பெயரைத் தாமாகவே பின்னால் சேர்த்துவிடும். நீங்களும் எழுதினால் பெயர் இருமுறை வந்து, சாவி யாருக்கும் கிடைக்காது.

சரி, இப்போது சோதனை. ஒரு ஜிமெயில் பெட்டிக்கு அனுப்பி, கணினியில் அந்தக் கடிதத்தின் மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் திறங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டுக்கும் எதிரே 'பாஸ்' இருக்க வேண்டும். படிவத்தில் ஒருமுறை யாகூ, ஒருமுறை அவுட்லுக், ஒருமுறை ஜிமெயில் முகவரி எழுதி அனுப்பிப் பாருங்கள். டிஎன்எஸ் மாற்றம் பரவச் சில மணித்தியாலம் ஆகலாம். அதற்குள் பொறுமையிழந்து மறுபடி மாற்ற வேண்டாம்.

படி 5: மின்னஞ்சலை மட்டும் நம்பாதீர்கள்

படிவம் வந்தவுடன் முதலில் தரவுத்தளத்தில் எழுதுங்கள். அனுப்புவது அதற்குப் பிறகு. அனுப்ப முடியாமல் போனால் அந்த வரியிலேயே 'போகவில்லை' என்று குறித்து வையுங்கள். நான் இதைச் செய்திருந்தால் அந்தக் குடும்பம் திருகோணமலை டவுனுக்குள் இரவில் அறை தேடி அலைந்திருக்காது. இப்போது அக்காவுக்குத் தனிப்பக்கம் ஒன்று இருக்கிறது. மின்னஞ்சல் வந்தாலும் வராவிட்டாலும் காலையில் போனில் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அறைகளைத் துப்புரவாக்கச் சொல்கிறார்.