பழைய பிக்கப்பில் கூலன்ட் ஒழுகினால் செய்யக்கூடாதவை

திருகோணமலையில் மீனுக்கும் ஐஸுக்கும் ஓடுகிற பழைய ஹைலக்ஸ், எல்200 வண்டிகள் பலவற்றில் சீட்டுக்குப் பின்னால் ஒரு தண்ணீர்க் கேன் இருக்கும். காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, குறைந்ததை ஊற்றிவிட்டுப் புறப்படுவார்கள். முதல் தவறே இதுதான். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடுவது மூடிய சுற்றில். எல்லாம் ஒழுங்காக இருந்தால் மாதக்கணக்கில் மட்டம் பெரிதாக இறங்காது. தினமும் இறங்குகிறது என்றால் எங்கேயோ போகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தால், சின்ன ஹோஸ் செலவு ஒருநாள் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை மாற்றும் செலவாகிவிடும்.

வண்டி ஓடி வந்தவுடனே கீழே குனிந்து தேடுவதும் பயன் தராது. சூடான எஞ்சினில் சிறு கசிவு நிலத்துக்கு வருமுன்பே ஆவியாகிவிடும். இரவில் முன்பக்கத்துக்கு அடியில் ஒரு பெட்டி அட்டையை விரித்துவிட்டு, விடிந்ததும் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பாருங்கள். நிறமோ இனிப்பான வாடையோ இருந்தால் கூலன்ட். ஏசி போட்டு வந்து நிறுத்தியதும் சொட்டுகிற தெளிந்த தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம். அப்புறம் டோர்ச் அடித்து, ஹோஸ் நுனிகள், ரேடியேட்டரின் பொருத்துகள், ஹீட்டர் ஹோஸ் கேபினுக்குள் நுழையும் இடம் எல்லாவற்றையும் பாருங்கள். கூலன்ட் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படை பிடித்திருக்கும்.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதில் ஈரம் தெரிந்தால் உள்ளே சீல் போய்விட்டது. சிலர் பசை வைத்து அந்தத் துளையை அடைத்துவிடுகிறார்கள். வெளியே வர வழியில்லாத தண்ணீர் பேரிங்குக்குள் போகும். பேரிங் உடைந்தால், ஃபேன் பம்பிலேயே பூட்டிய வண்டிகளில் ஃபேன் ரேடியேட்டரில் மோதிக் கிழிக்கும். பம்பை மாற்றுவதுதான் வழி.

ரேடியேட்டர் மூடியை யாரும் சந்தேகப்படுவதில்லை. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த நிலையில் சுமார் 107 பாகை செல்சியஸில் கொதிக்கும். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி நன்றாக இருந்தால் அது 125 பாகை அளவுக்கு உயரும். மூடியின் ரப்பர் காய்ந்துவிட்டால் தண்ணீர் ரிசர்வ் போத்தலுக்குப் போய் வழியும். ரேடியேட்டரைக் கழற்றுவதற்கு முன் மூடியை மாற்றிப் பாருங்கள். மூடியில் எழுதியிருக்கிற அதே அளவை வாங்குங்கள். கூடிய அழுத்த மூடி பழைய ஹோஸைத்தான் வெடிக்க வைக்கும்.

“எங்கட வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு?” என்று, எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் அந்த வால்வைக் கழற்றி வீசுகிறவர்களும் இருக்கிறார்கள். பல ஜப்பான் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டு, சூடானதும் பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றினால் சூட்டுத் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது சூடு இன்னும் கூடும்.

உப்புவெளி, நிலாவெளி போன்ற கடற்கரைப் பக்கத்தில் உவர்க் கிணறுகள் உண்டு. அந்தத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே துருவும் கல்லும் பிடிக்கும். கடையில் கிடைக்கும் ஆர்.ஓ. தண்ணீரையோ பேட்டரித் தண்ணீரையோ கூலன்டோடு கலந்து ஊற்றுங்கள்.

வழியில் டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறினால், உதாரணத்துக்கு கந்தளாய் தாண்டி ஹபரணை ரோட்டில், “அடுத்த கராஜ் மட்டும் போவோம்” என்று ஓட்டாதீர்கள். ஏறிய முள் திடீரென்று இறங்கினாலும் நிம்மதி அடைய வேண்டாம். சென்சரைத் தொடத் தண்ணீரே இல்லாமல் போயிருக்கலாம். ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். மேல் ஹோஸைக் கையால் அமுக்கக்கூடிய அளவுக்கு ஆறும்வரை மூடியைத் தொடவே கூடாது. பீறிடும் கொதிநீர் முகத்தையும் கையையும் அவித்துவிடும். ஆறுமுன் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் வெடிப்பு விழலாம்.

வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனாலும் குறைகிறதா? காலையில் குளிர்ந்த எஞ்சினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். குமிழிகள் நிற்காமல் வந்தால், அல்லது ஸ்டார்ட் பண்ணிச் சற்று நேரத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ஆயில் பால் தேநீர் நிறமாகியிருந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். இந்த நிலையில் லீக் அடைக்கும் மருந்து ஊற்றினால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் அடைபட்டு, செலவு இரண்டாகும்.

வடித்த பழைய கூலன்டை முற்றத்திலோ கானிலோ ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைகோல் இனிக்கும். நாயும் பூனையும் நக்கிக் குடித்தால் சிறுநீரகம் கெட்டுச் சாகும். பிள்ளைகளுக்கும் அது நஞ்சுதான். இறுக்கி மூடிய கேனில் ஊற்றி, மேலே எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சிந்திய இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.